எரியெண்ணெய் வடிகட்டியை மாற்றியபின் காணும் கசிவும் அதற்குரிய பரிகாரமும்

ஓர் அங்கத்தினருடைய உழவு மாடு நோயுற்றால் அவர் ஒருவரே கஷ்டப்படுகிறார். சங்கத்தின் டிராக்டர் நின்றுவிட்டாலோ, முறை பதிவு செய்துகொண்டு காத்திருக்கும் அங்கத்தினர் அனைவரும் கஷ்டப்பட நேரிடுகிறது. தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல, டிராக்டர் முதலிய யந்திரங்களை வைத்து அங்கத்தினர்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுத்து வருகின்றன. இத்தகைய பொதுச் சொத்தை நல்ல நிலையில் காப்பாற்றும் பொறுப்பு ஓட்டுநர் ஒருவரை மட்டும் சார்ந்ததன்று. ஆகையால், அடிக்கடி நேருகின்றதும், சரியாகச் செய்தால் அற்பச் செலவில் முடிந்துவிடுகின்றதும், தவறாகச் செய்தால் பெருநஷ்டத்தில் கொண்டுபோய் விடுகின்றதுமான ஒரு சிறிய பழுதைப்பற்றி இப்பாடத்தில் விவரிக்கப்படுகிறது.

சம்பா நடவுக்குச் சேறடிக்கும் காலம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் குறித்த காலத்தில் டீசல் வடிகட்டியை மாற்றுகிறார். மறுநாள் காலையில் வண்டியின் கீழே கையகல ஈரம் காணப்படுகிறது. அவர் ஸ்பானரை எடுத்து இறுக்குகிறார்; கசிவு குறைகிறது. மாலையில் மீண்டும் சொட்டுகிறது; மீண்டும் இறுக்குகிறார். மூன்றாம் முறை இறுக்குகையில் அலுமினியத்தாலான வடிகட்டித் தலையில் மரை அறுந்துபோகிறது. சில ரூபாய் பெறும் ஒரு வாஷரை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய காரியத்துக்கு இப்போது தலை முழுவதையும் பட்டணத்திலிருந்து வாங்கிவர வேண்டும். அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் முறை கடந்துவிடுகிறது. முறை வைத்திருந்தவர்கள் அதிக வாடகை கொடுத்து வெளி வண்டியை அமர்த்துகிறார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் ஓட்டுநரின் சோம்பல் அன்று. அவர் உழைக்கத்தான் உழைத்தார். கசிவுக்குப் பரிகாரம் கைப்பலம் என்று எண்ணியதே பிழை. மூட்டு கசிந்தால் அதை அவிழ்த்து, துடைத்து, அடைப்பானைப் புதிதாக வைத்து, அளவாக இறுக்க வேண்டும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாடத்தின் மற்றப் பகுதிகள் எளிதில் விளங்கும்.

1. வடிகட்டி எதற்காக?

ஜெர்மனி தேசத்து ருடால்ப் டீசல் என்பவர் 1897-ம் வருஷத்தில் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். இந்த எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் கருவி இல்லை. காற்றை மிகவும் நெருக்குவதால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் தீப்பற்றுகிறது. அதற்கு எண்ணெயைப் புகைபோல் நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சியடிக்க வேண்டும். அவ்வேலைக்குரிய இன்ஜெக்ஷன் பம்பை ராபர்ட் பாஷ் என்பவரின் தொழிற்சாலை 1927-ம் வருஷம் முதல் பெருவாரியாகச் செய்து வெளியிட்டது. அதன் பின்னரே டீசல் எஞ்சின் லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் ஏற்றதாயிற்று.

இந்தப் பம்பின் உள்ளே ஏறி இறங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான்களே. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனுடைய தலைமயிரின் கனம் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத தூசியும் பம்பைத் தேய்த்துக் கெடுத்துவிடும். அத்தூசியையும் எண்ணெயோடு கலந்துவரும் தண்ணீரையும் தடுத்து நிறுத்துவதே வடிகட்டியின் வேலை. கசிவுக்கு அஞ்சி வடிகட்டியை மாற்றாமல் விடுவது, திருடனுக்கு அஞ்சி வீட்டுக்கு வாசற்படியே வைக்காததற்கு ஒப்பாகும்.

2. எண்ணெய் செல்லும் வழி

கசிவைத் தேடுமுன் எண்ணெய் செல்லும் வழியை அறிந்திருத்தல் வேண்டும். சாதாரண டிராக்டரில் டாங்கிலிருந்து அடைப்புக் குழாய் வழியாக எண்ணெய் இறங்கி, ஊட்டும் பம்பை அடைகிறது. அந்தப் பம்பில் கையால் அழுத்தும் குமிழ் ஒன்று உண்டு. அங்கிருந்து முதல் வடிகட்டி, இரண்டாம் வடிகட்டி ஆகிய இரண்டையும் கடந்து இன்ஜெக்ஷன் பம்புக்குச் செல்கிறது. பிறகு இரும்புக் குழாய்களின் வழியாக நாசில்களை அடைகிறது.

வடிகட்டிகள் உள்ள பகுதியில் எண்ணெயின் அழுத்தம் மிகவும் குறைவு; ஏறக்குறைய 1 அல்லது 2 பார் இருக்கும். ஒரு பார் என்பது சுமாராக நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்துக்குச் சமம். ஆதலால் இப்பகுதியில் கசிவை நிறுத்த அசுர பலம் தேவையே இல்லை. இன்ஜெக்ஷன் பம்புக்கு அப்பால் உள்ள குழாய்களிலோ அழுத்தம் 150 பாருக்கு மேல் செல்லும். அங்கே கசிவு காணப்பட்டால் விரலை வைத்துத் தடவிப் பார்த்தல் கூடாது. அவ்வேகத்தில் பீறிடும் எண்ணெய் ஊசியைப்போல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். அவ்வாறு நேர்ந்தால், வலி சொற்பமாயிருப்பினும், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் அவசியம். ‘காமன் ரெயில்’ என்னும் முறையில் அமைந்த புதிய வண்டிகளில் இந்த அழுத்தம் 1,000 பாருக்கும் மேற்பட்டது. அவற்றின் அழுத்தக் குழாய்களைப் பயிற்சி பெற்ற மெக்கானிக் தவிர வேறெவரும் தொடலாகாது.

3. கசிவுக்குக் காரணங்கள்

நேற்றுவரை கசியாத வண்டி வடிகட்டியை மாற்றிய மறுநாள் கசிந்தால், நேற்றுக் கைபட்ட மூட்டுக்களிலேயே குற்றம் இருக்க வேண்டும். பெரும்பாலும் கீழ்க்கண்ட ஐந்தில் ஒன்றாகவே அது இருக்கும்.

முதலாவது, பழைய ரப்பர் வளையம் தலையிலுள்ள பள்ளத்தில் ஒட்டிக்கொண்டே இருக்க, அதன்மேல் புதிய வளையத்தையும் வைத்து இறுக்கிவிடுதல். இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் அவை நழுவி ஒரு பக்கம் பிதுங்கும். பழைய வளையம் எண்ணெயில் ஊறிக் கறுத்துத் தலையோடு தலையாகக் காணப்படுவதால் இப்பிழை எளிதில் நேருகிறது.

இரண்டாவது, புதிய வளையம் முறுக்கிக்கொண்டோ கிண்ணத்தின் விளிம்பில் நசுங்கியோ போதல். உலர்ந்த வளையத்தை அப்படியே வைத்துத் திருகினால் இவ்வாறு ஆகும்.

மூன்றாவது, குழாய்களை வடிகட்டித் தலையோடு இணைக்கும் துளையுள்ள போல்ட்டின் செம்பு வாஷர்கள். இந்தப் போல்ட்டை மெக்கானிக்குகள் ‘பாஞ்சோ போல்ட்டு’ என்பார்கள். இதில் குழாய் வளையத்தின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வாஷர்கள் உண்டு. ஒரு முறை நசுங்கிய செம்பு கடினப்பட்டுவிடுகிறது. மறுமுறை அது மூட்டின் மேடு பள்ளங்களுக்கு இணங்கி நசுங்குவதில்லை. அவிழ்க்கும்போது கீழ் வாஷர் தரையில் விழுந்து, அதைக் கவனிக்காமல் ஒரே வாஷரோடு பூட்டிவிடுவதும் உண்டு.

நான்காவது, காற்றை வெளியேற்றும் சிறு திருகும், அடியிலுள்ள தண்ணீர் வடிக்கும் திருகும் சரியாக மூடப்படாமை.

ஐந்தாவது, மரை கோணலாக ஏறுதல். போல்ட்டைத் தொடக்கத்திலிருந்தே ஸ்பானரால் திருகினால் இது நேரும். முதல் சில சுற்றுகள் விரலால் திருகித் தடையின்றி ஏறுகிறதா என்று பார்ப்பவருக்கு இக்கஷ்டம் ஒருபோதும் வராது.

4. கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றல்ல. மேலே கசிந்த எண்ணெய் குழாயைப் பற்றிக்கொண்டு இறங்கி, கிண்ணத்தின் அடியில் சேர்ந்து அங்கிருந்து சொட்டும். ஓடும் வண்டியில் விசிறிக் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். அடியில் ஈரத்தைக் கண்டு அடித் திருகை இறுக்குவது வீண் வேலை.

முதலில் எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிட வேண்டும். பிறகு வடிகட்டி, குழாய்கள், போல்ட்டுகள் யாவற்றையும் பஞ்சு உதிராத சுத்தமான துணியால் ஈரமின்றித் துடைக்க வேண்டும். வெளிப்புறத்தில் மட்டும் சாக்குக்கட்டித் தூளை மெல்லியதாகத் தூவினால் சிறு கசிவும் கறுப்புக் கோடாகத் தெரியும். அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்துவைத்து, டாங்கின் அடைப்பைத் திறந்து, கைக்குமிழை இருபது முப்பது முறை மெதுவாக அழுத்த வேண்டும். அப்போது முதலில் நனையும் இடம் எதுவோ, நனைந்த இடங்களில் மிக உயரத்தில் இருப்பது எதுவோ, அதுவே குற்றமுள்ள மூட்டு. இச்சோதனைக்கு எஞ்சினை ஓட்டவேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில் செய்வது உத்தமம். இரவில் செய்ய நேர்ந்தால் பாட்டரி விளக்கைத் தவிர வேறு விளக்கை அருகில் கொண்டுவருதல் கூடாது. சோதனை முடிந்ததும், மூட்டை அவிழ்ப்பதற்கு முன் தூளை முற்றிலும் துடைத்துவிட வேண்டும்.

5. பரிகாரம்

குற்றமுள்ள மூட்டு தெரிந்தபின் டாங்கின் அடைப்பை மூடி, கீழே ஒரு பாத்திரம் வைத்து, அந்த மூட்டை மட்டும் அவிழ்க்க வேண்டும்.

கிண்ண வடிகட்டியாயின், பழைய வளையம் பள்ளத்தில் இருக்கிறதா என்று விரல் நகத்தாலோ மூங்கில் சிம்பாலோ தடவிப் பார்க்க வேண்டும். இரும்பு ஊசியால் கீறினால் பள்ளத்தில் தழும்பு விழுந்து அதுவே நிரந்தரக் கசிவாகிவிடும். புதிய வளையத்தைச் சுத்தமான டீசலில் நனைத்து, முறுக்கின்றிப் பள்ளத்தில் பொருத்தி, கிண்ணத்தை நேராக வைத்துக் கையால் சிறிது இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அது படிந்தபின் நடுப் போல்ட்டை இறுக்க வேண்டும். தகர டப்பாவைப்போல் முழுதாகத் திருகும் வடிகட்டியாயின், அதன் ரப்பரில் டீசல் தடவி, ரப்பர் தலையைத் தொடும்வரை கையால் திருகி, அதன்பின் டப்பாவின் மேல் அச்சிட்டுள்ள அளவு மட்டும் திருக வேண்டும். பெரும்பாலும் அது அரைச் சுற்று முதல் முக்கால் சுற்று வரையில் இருக்கும்.

செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுவதே முறை. அளவு சரியாக இருத்தல் வேண்டும். பெரியது நழுவும், சிறியது போல்ட்டில் ஏறாது. அவசரத்தில் புதியது கிடைக்காவிட்டால் பழைய செம்பு வாஷரைக் கொல்லன் உலையில் மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் அது மறுபடியும் மிருதுவாகும். எஃகைக் காய்ச்சித் தோய்த்தால் கடினப்படும்; செம்புக்கு அக்குணம் இல்லை. பிறகு அதன் கருக்கை நீக்கித் துடைத்து உபயோகிக்கலாம். இதை வண்டியின் அருகில் செய்யலாகாது. அலுமினிய வாஷரையும், ரப்பர் பதித்த வாஷரையும் இவ்வாறு காய்ச்சுதல் கூடாது.

மரையில் சணல் சுற்றுவதும், பசை பூசுவதும், சோப்பை அப்புவதும் சிலருடைய வழக்கம். இவை பரிகாரம் அல்ல. சோப்பும் பசையும் சணல் நாரும் வடிகட்டிக்கு அப்பால் எண்ணெயில் கலந்தால், எந்தப் பம்பைக் காப்பாற்ற வடிகட்டியை மாற்றினோமோ அந்தப் பம்பையே கெடுத்துவிடும்.

6. கண்ணுக்குப் புலப்படாத கசிவு

எண்ணெய் வெளியே வருவது மட்டும் கசிவன்று. காற்று உள்ளே போவதும் கசிவே. டாங்குக்கும் ஊட்டும் பம்புக்கும் இடையிலுள்ள வழியில் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. அங்கே மூட்டு தளர்ந்திருந்தால், எஞ்சின் ஓடும்போது சொட்டு ஒன்றும் தெரியாமல் காற்று மட்டும் புகும். எஞ்சின் புறப்பட்டுச் சிறிது ஓடி நின்றுவிடுதல், ஏறியும் இறங்கியும் ஓடுதல், சுமை ஏற்றினால் திணறுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். டாங்கு தாழ்வாக அமைந்த கார்களிலும் ஜீப்புகளிலும் இவ்விதக் கசிவு அதிகம்.

வடிகட்டியை மாற்றிய ஒவ்வொரு முறையும் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். முதல் வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கைக்குமிழை அழுத்திக்கொண்டே இருந்தால் நுரையாக எண்ணெய் வரும். நுரை நின்று தெளிந்த எண்ணெய் வரும்போதே திருகை மூட வேண்டும். பிறகு இரண்டாம் வடிகட்டியிலும், கடைசியாக இன்ஜெக்ஷன் பம்பிலும் அவ்வாறே செய்ய வேண்டும். எவ்வளவு அழுத்தியும் நுரை நிற்கவில்லையென்றால் உறிஞ்சும் வழியில் காற்று புகுகிறது என்று அறிந்து, அங்கேயுள்ள வாஷர்களையும் ரப்பர்க் குழாயையும் சோதிக்க வேண்டும். அச்சிறு திருகு மிகவும் மெல்லிய மரையுடையது; இரண்டு விரல்களின் பலமே அதற்குப் போதும்.

7. பெட்ரோல் வண்டியில் தனி ஜாக்கிரதை

டீசல் எளிதில் ஆவியாவதில்லை. ஆயினும் சூடேறிய புகைக்குழாயின்மேல் அது சொட்டினால் தீப்பற்றக்கூடும். பெட்ரோலோ இதைவிடப் பன்மடங்கு அபாயமானது. பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரிக் குளிரிலும் அதன் ஆவி சிறு பொறியால் பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஆதலால் பெட்ரோல் வாடை வரும் காரை ஓட்டிச் சென்று பழுதுபார்க்கலாம் என்று எண்ணுவது தவறு. நின்ற இடத்திலேயே நிறுத்தி, சற்று விலகி நிற்பதே புத்தி.

பெட்ரோலைப் பீய்ச்சும் முறையுள்ள கார்களில் வடிகட்டியின் வழியில் அழுத்தம் சாதாரணமாக 3 பார் அளவில் இருக்கும். எஞ்சினை நிறுத்திய பின்பும் அது நெடுநேரம் குறைவதில்லை. ஆகவே பம்பின் பியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, பாட்டரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே மூட்டைத் தொட வேண்டும். வடிகட்டியின்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். ‘கிளிக்’ என்ற ஓசையுடன் பூட்டும் இணைப்பாயின், பூட்டியபின் இழுத்துப் பார்க்க வேண்டும்; அரைகுறையாகப் பூட்டியதும், உள்ளேயுள்ள சிறு ரப்பர் வளையம் கிழிந்ததுமே பெரும்பாலான கசிவுக்குக் காரணம். ரப்பர்க் குழாயாயின், வெடிப்புள்ளதை நீக்கி, எரியெண்ணெய்க்கென்றே செய்த புதிய குழாயைப் போட்டு, பட்டை வளையத்தை உலோகக் குழாயின் முனையிலுள்ள மேட்டுக்கு அப்பால் வைத்து இறுக்க வேண்டும். முடிவில் பியூஸையும் பாட்டரியையும் இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை திருப்பினால் பம்பு சில விநாடி ஓடி அழுத்தம் ஏறும். மூட்டு உலர்ந்திருந்தால் மாத்திரமே எஞ்சினைக் கிளப்பலாம். புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் வடிகட்டி டாங்கின் உள்ளேயே பம்போடு சேர்ந்திருப்பதால், அவற்றைப் பட்டறையில் விடுவதே நன்று.

எந்த எண்ணெயானாலும், வேலை செய்யுமிடத்தில் வாளியில் உலர்ந்த மணலும், கூடுமாயின் தூள் தெளிக்கும் தீயணைப்புக் கருவியும் இருத்தல் அவசியம். எரியும் எண்ணெயின்மேல் தண்ணீரை ஊற்றினால் தீ பரவும்.

8. நஷ்டக் கணக்கும் சங்கத்தின் கடமையும்

‘ஒரு சொட்டுத்தானே’ என்று அலட்சியமாயிருப்பவர்கள் இக்கணக்கைப் பார்க்கவும். 30 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்றும், விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 120 மில்லிலிட்டர் போகிறது. எட்டு மணி வேலையில் 960 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர். டாங்கின் அடைப்பை மூடாமல் இராமுழுதும் விட்டால் ஒரு நாளைக்கு 2,880 மில்லிலிட்டர். முப்பது நாளைக்கு 86 லிட்டருக்கு மேல். எண்ணெய் விலையால் பெருக்கிப் பார்த்தால், எத்தனை வாஷர்களின் விலை மண்ணில் போயிற்று என்பது விளங்கும். எண்ணெய் விழுந்த மண்ணும் கெடுகிறது; நனைந்த இடத்தில் தூசி ஒட்டி அடுத்த பழுதுக்கு வித்தாகிறது.

ஆகவே டிராக்டர் வைத்துள்ள ஒவ்வொரு சங்கமும் மூன்று காரியங்களைச் செய்தல் நலம். வடிகட்டியோடு அதற்குரிய ரப்பர் வளையங்களையும் செம்பு வாஷர்களையும் ஒரு ஜதை எப்போதும் ஒரு டப்பாவில் இருப்பு வைக்க வேண்டும். வடிகட்டி மாற்றிய தேதி, எஞ்சின் ஓடிய மணி, போட்ட வாஷர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வண்டிப் புஸ்தகத்தில் எழுத வேண்டும். மாற்றிய மறுநாள் காலையில், வண்டி வேலைக்குப் புறப்படுமுன், ஓட்டுநரும் செயலாளரும் அடியில் விரித்த காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

கசிவு கண்டால் ஓட்டுநர் அதை மறைக்காமல் சொல்லும்படியான நம்பிக்கையும் சங்கத்தில் இருத்தல் வேண்டும். சொன்னவருக்கு அபராதம் என்றால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார், இறுக்கத்தான் இறுக்குவார். வாஷரின் செலவைச் சங்கம் ஏற்பது, மரை அறுந்த தலையின் செலவை ஏற்பதைவிட எவ்வளவோ இலகுவானது.

அங்கத்தினர் கூட்டத்தில் படித்து விவாதிப்பதற்கான கேள்விகள்

1. வடிகட்டியை மாற்றியபின் காணும் கசிவுக்கு மேலும் மேலும் இறுக்குவது ஏன் பரிகாரமாகாது?

2. எண்ணெய் சொட்டும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் யாது? கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

3. பழைய செம்பு வாஷரை எவ்வாறு மிருதுவாக்கலாம்? எந்த வாஷர்களை அவ்வாறு செய்யக்கூடாது?

4. சொட்டு ஒன்றும் தெரியாமல் எஞ்சின் ஓடி ஓடி நின்றால் எவ்விடத்தைச் சோதிக்க வேண்டும்?

5. உங்கள் சங்கத்தின் வண்டிப் புஸ்தகத்தில் கடைசியாக வடிகட்டி மாற்றிய தேதி எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையெனில் அதற்கு யார் பொறுப்பு?